இடது பட்டனை உடைத்தது யார்?

இன்று திண்டிவனத்தில், அக்கா வீட்டில் ஒரு பழைய வழக்கு தீர்ந்தது.

சின்ன வயதில் எனக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரே கையடக்க வீடியோ கேம்தான். அதன் இடது பட்டனை உடைத்தது நான் என்று என்மேல் பழி போடுவாள் அவள். அவள்தான் என்பேன் நான். போன பொங்கலுக்குக்கூட இந்தப் பேச்சில் வார்த்தை தடித்து, அக்கா சாப்பிடாமல் எழுந்து போனாள்.

அதில் ஆடிய கார் ரேஸை இப்போது புதுப்பித்துப் பெரிய கன்சோலுக்கு விட்டிருக்கிறார்கள். அக்கா டிவியில் போட்டாள்.

"தோத்தவங்கதான் ஒடச்சது. சரியாடா?"

"சரி. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

படம் பளிச்சென்று இருந்தது. அந்தக் காலத்தில் பனைமரம் என்று நினைத்ததெல்லாம் விளக்குக் கம்பமாம். இருவரும் சிரிக்கவில்லை. கடைசிச் சுற்றுவரை கார்கள் ஒட்டியே ஓடின.

முடிவில் ஓர் இடது வளைவு. பட்டன் உடைந்த பிறகு அங்கே சுவரில் உரசித்தான் திரும்புவோம். இன்றும் இருவரும் அதையே செய்தோம். புதுப் பதிப்பில் சுவர் மன்னிப்பதில்லை. இரண்டு காரும் நொறுங்கின.

"லெஃப்ட் பட்டன் நல்லாதானே இருக்குது? எதுக்கு சொவுத்துல போய் முட்டிக்கினீங்க?" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

ஓரமாக மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னாள்:

"அந்த பட்டனா? தூசி தொடைக்கசொல்ல நான்தான் அந்த கேமை கீழ போட்டு ஒடச்சிட்டேன். அன்னிக்கே சொல்லியிருந்தா என்னை உட்டிருப்பீங்களா?"

பழைய கேம் புது கன்சோலில் தாக்குப்பிடிக்குமா என்று கேட்பவர்களுக்கு: கேம் தாக்குப்பிடித்துவிட்டது. எங்கள் வழக்குதான் நொறுங்கிவிட்டது. உங்கள் வீட்டில் உடைந்த பொருள்களைப் பற்றி எதற்கும் அம்மாவை ஒருமுறை விசாரியுங்கள்.