அம்மாவுக்குத் தோதான இன்ஹேலர்

தாராவியில் இருக்கும் அம்மாவுக்கு ஆஸ்துமா. மூச்சு இரைக்கும்போதெல்லாம் இடுப்பில் செருகியிருக்கும் இன்ஹேலர் பம்பை எடுத்து அடித்துக்கொள்வாள். நான் செம்பூரில் பள்ளி ஆசிரியை. அந்தப் பம்பில் மருந்தைத் தள்ளும் வாயு பூமியைச் சூடாக்குகிறது என்று படித்ததிலிருந்து எனக்கு உறுத்தல். பொடியாக உறிஞ்சும் இன்ஹேலரில் அந்த வாயு கிடையாது. மாற்றிவிடலாம் என்று மாட்டுங்காவில் ஒரு பெண் டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப்போனேன்.

நான் சொல்லி முடித்ததும் டாக்டர், அம்மாவின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன தோணறது? சொல்லுங்கோ."

"பம்ப அடிச்சா நெஞ்சுல குளுந்து இறங்கும், டாக்டரம்மா. பொடி உள்ள போச்சா இல்லையான்னு எப்பிடித் தெரியும்? மூச்சு முட்டுத நேரத்துல இழுக்கத் தெம்பு இருக்குமா?"

டாக்டர் ஒரு விசில் குழாயைக் கொடுத்தார். போதிய வேகத்தில் உறிஞ்சினால் சத்தம் வரும். அம்மா, பம்புக்கு இழுப்பதுபோல மெல்ல இழுத்தாள். சத்தமே இல்லை.

"பொடிக்கு அப்படி இல்லே. வேகமா, ஆழமா இழுங்கோ."

மறுபடி இழுத்ததும் விசில் கிறீச்சிட்டது. அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆனால் டாக்டர் அடுத்துக் கொடுத்த பொடி இன்ஹேலரின் குழலில் மருந்துக் கேப்சூலைப் போட்டுத் திருக, வாதத்தில் வீங்கிய அவள் விரல்களுக்கு முடியவில்லை. டாக்டர் வட்டப் பெட்டிபோல இருந்த இன்னொரு இன்ஹேலரை எடுத்துக் காட்டினார். பக்கத்து விசையைத் தள்ளினால் பொடி தயார். அது அம்மாவுக்கு எளிதாக வந்தது.

"இதைக் காலையும் ராத்திரியும் விடாம எடுத்துண்டா பம்புக்கு வேலை குறையும். அவசரத்துக்குப் பம்பும் கையிலே இருக்கட்டும்."

"பம்பை அடியோடு விட முடியாதா?" என்று கேட்டேன்.

"அவா மூச்சுதான் முதல்லே."

"அப்பிடின்னா எனக்குச் சம்மதம்" என்றாள் அம்மா.

மழைக்காலத்தில் ஒருநாள் பக்கத்துப் பட்டறைப் புகை சந்துக்குள் கவிழ்ந்தது. அம்மா தோள் குலுங்க மூச்சுக்குத் திணறினாள். பதற்றத்தில் நான் வட்டப் பெட்டியை நீட்டினேன். அதைத் தள்ளிவிட்டுப் பம்பை எடுத்து அடித்தாள். சற்றுப் பொறுத்து மூச்சு சீரானது. "இதுக்குத்தாம்ட்டி இது" என்றாள். அந்த நேரத்தில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை.

அந்தப் பருவம் முழுக்க அவளுக்கு ஒரே பம்ப் போதுமாயிருந்தது. முன்பெல்லாம் ஒன்று தீர்வதற்குள் இன்னொன்று வாங்கி வைப்போம். அடுத்த வீட்டு அக்காவுக்கும் இரைப்பு. வட்டப் பெட்டியைக் கொஞ்சம் தரச் சொல்லிக் கேட்டாள். அம்மா கொடுக்கவில்லை.

"இது எனக்குப் பாத்துக் குடுத்தது, தாயி. ஒனக்கு எது தோதுன்னு நீயும் டாக்டரம்மாவும் உக்காந்து பேசுங்க. நான் கூட வாரேன்."