நெஞ்சில் வைத்த களிமண்

மேலகரத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற காவலர் என்னைத் தேடி வந்தபோது சாரல் தொடங்கியிருந்தது. போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் வேலை பார்த்தவர். தன்னோடு இருந்த லாப்ரடார் நாயை, அதன் வேலைக்காலம் முடிந்ததும் வீட்டுக்கே கூட்டிவந்து வளர்த்திருக்கிறார். முந்தின வருடம் அது இறந்துபோனது. அதை மண்ணில் செய்து சுட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.

முடியாது என்றேன். பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுப் பதினேழு வருடமாக மிருகங்கள்தான் செய்கிறேன். ஆடு, எருமை, குற்றாலத்துக் குரங்குகள். கொச்சியிலும் சென்னையிலும் கடைக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் நான் செய்யும் ஆடு யாருடைய ஆடும் அல்ல. கொம்பு சற்று விலகினால் அது வேறொரு ஆடாகிவிடும், யாரும் கேட்கப்போவதில்லை. இவருடைய நாய் அப்படி இல்லை. அவர் காட்டிய படங்களிலும் பாதியில் அது அசைந்திருந்தது.

"போட்டோ எதுக்கு டீச்சர், எங் கைக்குத் தெரியும்லா" என்றார்.

அதைக் கேட்டபிறகு மறுக்க வாய் வரவில்லை. என் சூளைக்குள் முழு நாய் போகாது, அசல் அளவில் தலையும் கழுத்தும் நெஞ்சும் மட்டும் செய்யலாம் என்று சொன்னேன். சம்மதித்தார்.

நான் எப்போதும் கண்ணால் பார்த்து, நூல் பிடித்து அளந்து செய்கிறவள். இந்த முறை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஈர மண்ணைத் தடவித் தடவிச் சொல்ல, நான் கூட்டியும் குறைத்தும் வந்தேன். காதின் அடி இன்னும் தடிப்பாக இருக்கும் என்பார். "இங்கன எலும்பு தட்டும் டீச்சர்" என்று தோளில் விரல் வைப்பார். வைத்த இடம் ஒருமுறைகூடத் தப்பவில்லை. பத்து நாளில் நான் பார்த்தே இராத ஒரு நாய் என் மேசைமேல் இருந்தது. எனக்கு அது சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது. இதை உடைத்துவிட்டால் இவரிடம் என்ன சொல்வது?

உருவம் முடிந்ததும் கம்பியால் அதை இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, விரல் தடிப்பு மட்டும் விட்டு மறுபடி ஒட்ட வேண்டும். ஒட்டும் இடங்களை இரண்டு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்த வேண்டும். எங்காவது தடிப்பாக ஈரம் நின்றால் சூளையில் அது நீராவியாகி வெடித்துவிடும். அதையெல்லாம் அவர் இல்லாதபோது செய்தேன். நாயை அறுப்பதை அவர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் ஆய்க்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அவர் வந்திருக்கிறார், என் கணவர் கொட்டகையைத் திறந்துவிட்டிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் நாயின் நெஞ்சில் எலுமிச்சை அளவுக்கு ஒரு மண்கட்டி. கடைசிக் காலத்தில் அதற்கு அங்கே ஒரு கட்டி இருந்ததாம், அதை விட்டுவிட்டோமே என்று அவரே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கீறவில்லை. தண்ணீரைத் தொட்டு அழுத்தியிருந்தார். பெருவிரல் ரேகை தெளிவாகத் தெரிந்தது.

எடுத்துவிட்டு ஒழுங்காக வைத்திருக்கலாம். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அந்த ரேகையைப் பார்த்தபின் இரண்டையும் செய்யவில்லை. நீராவி வெளியேறட்டும் என்று கட்டியின் கீழிருந்து மெல்லிய ஊசியால் இரண்டு துளை மட்டும் போட்டேன்.

அதற்குப் பின் ஒரு மாதம் சாரல் விடவே இல்லை. மண் காயவில்லை. பல்பு போட்டால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து விரிசல் விடும், அதனால் பிளாஸ்டிக் தாளை மூடுவதும் திறப்பதுமாகவே இருந்தேன். தினமும் கன்னத்தை அந்தக் கட்டியில் வைத்துப் பார்ப்பேன். குளிர்ச்சி இருந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். கடைசிவரை அது குளிர்ந்திருக்கிறதா, என் பயம்தான் அப்படித் தோன்றச் செய்கிறதா என்று பிடிபடவில்லை.

சூளை வைத்த அன்று காலையிலேயே அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சூட்டை மெல்ல மெல்ல ஏற்றினேன். பத்து மணி வாக்கில் உள்ளே தப்பென்று ஒரு சத்தம்.

"என்ன டீச்சர் அது?"

உள்ளே சூளைத் தட்டு சூடாகும் சத்தம் என்றேன். அவர் தலையாட்டினார். திறந்து பார்க்கவும் முடியாது, நிறுத்தினாலும் பயனில்லை. மாலைவரை அவரோடு டீ குடித்துக்கொண்டு, அந்த நாய் மோப்பம் பிடித்த கதைகளைக் கேட்டுக்கொண்டு, காதை மட்டும் சூளையில் வைத்திருந்தேன். முகம் போயிருக்குமோ என்றுதான் ஓயாமல் நினைத்தேன்.

மூன்றாம் நாள், சூளை ஆறியபின் இரண்டு பேரும் சேர்ந்துதான் திறந்தோம். முகம் இருந்தது. காது, கழுத்து எல்லாம் இருந்தன. நெஞ்சில் கட்டி இருந்த இடத்தில் மட்டும் ஒரு பள்ளம்.

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி, போலீஸ்காரருக்குரிய நிதானத்தோடு கேட்டார்: "முந்தாநேத்து சத்தம் கேட்டப்பவே ஒங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும் அண்ணாச்சி. அதுக்கு முன்னயும் தெரியும். அது ஒட்டாதுன்னு."

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஒழுங்கா வச்சிருப்பேம்லா" என்றார்.

வேறொன்று செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். சுட்டபின் அந்தப் பள்ளத்தில் மண் ஒட்டாதா என்று கேட்டார், ஒட்டாது என்றேன். ஆட்டோவில் நாயை மடியில் வைத்து, போர்வையைச் சுற்றிக் கொண்டுபோனார். கோபம் என்று சொல்ல முடியாது. ஆனால் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அவர் மனைவி போனில் கூப்பிட்டார். நாய் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருப்பதாகவும், வெந்நீர்த் துணியால் துடைக்கலாமா என்று அவர் கேட்கச் சொன்னதாகவும் சொன்னார். துடைக்கலாம் என்றேன். அவரிடம் கொடுங்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காய்ந்த ஆடுகள் இரண்டு கொட்டகையில் காத்திருந்தன. அவற்றைச் சூளையில் அடுக்க எனக்கு மனம் வந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது.