இடது கை முடிச்சு

அன்றைக்கு வீட்டில் இருந்தது நான்கு பேர். நான், என் மாமியார், கொழுந்தன் செல்வம், காரியம் செய்ய வந்த பண்டாரம். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் இதைத்தான் கேட்கிறார்கள்.

பேய், ஆவி எதையும் நம்பாதவள் நான். பயம் உண்டு, அது வேறு. ஆறாவதோடு படிப்பை விட்ட காலத்திலிருந்து எதற்கெடுத்தாலும் பயம்தான், ஆனால் ஸ்டவ்வை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்பதோடு சரி.

இரண்டாயிரமாவது வருஷம், நெட்டுக்குப்பத்திலிருந்து தனியாகக் கட்டுமரத்தில் போன என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. அவர் இந்த வாசப்படியை மிதித்தால் நூற்றியொரு ரூபாய் காணிக்கை என்று குப்பத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்து ஆணியில் மாட்டினேன். அதோடு விட்டேனா, ராயபுரம் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி, தர்காவில் கயிறு, அப்புறம் இரண்டு குறிகாரிகள். ஒருத்தி உயிரோடு இருக்கிறார் என்றாள், இன்னொருத்தி இல்லை என்றாள், காசை மட்டும் இரண்டு பேரும் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் போனது. மாமியார்தான் ஆரம்பித்தார். "இன்னாமே, எவ்ளோ நாளு இப்டியே குந்திகினு இருப்ப? போனவன் பூட்டான். ஆவ வேண்டியத பாரு."

உடம்பு கிடைக்காதவருக்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம், அவர் போட்ட சட்டையைப் பாயில் கிடத்தி, அதற்கு மாலை போட்டு, முகத்துவாரத்தில் விட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் வேண்டுதல் முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

அன்று காலை குளித்துவிட்டு முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். தினமும் தொடுவேன், அவிழ்ந்துவிடுமோ என்ற பயம். நான் போட்ட சாதாரண இரட்டை முடிச்சுதான். அப்புறம் வாசலில் சட்டையைக் கிடத்தி எல்லோரும் அங்கேயே இருந்தோம். வெயில் ஏறியதும் உள்ளே போய் முடிச்சை எடுத்தால், நம்பினால் நம்புங்கள், அது என் முடிச்சு இல்லை. வலைக்காரர் போடும் முடிச்சு, அதுவும் எல்லோரும் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் சுற்றி இழுத்தது. என் வீட்டுக்காரருக்கு இடது கைப் பழக்கம். அவர் பின்னிவிட்ட வலையில் வேறு யாரும் கை வைக்க முடியாது என்று கரையில் கேலி செய்வார்கள்.

செல்வம் சிரித்தான். "நீ கட்னதே மறந்து பூட்டியா அண்ணி? ஸ்டவ்வ நிறுத்துனமான்னு டோல்கேட் வரைக்கும் போய் திரும்பி வர்ற ஆளாச்சே நீ."

கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிற அவனுக்கு வலை பின்னவே தெரியாது. மாமியாருக்கு வாதம், விரல் மடங்காது. பண்டாரம் படியேறவே இல்லை.

மாமியார் முடிச்சை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எம்புள்ள போட்டது" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பண்டாரம் எட்டிப் பார்த்து, "சட்டய எடுக்கறதா வேணாவா? எனுக்கு இன்னொரு வூடு கீது" என்றார்.

உயிரோடு வந்தாரா, செத்து வந்தாரா, எனக்கு எப்படித் தெரியும்? வந்தவருக்கு முடிச்சுப் போடத் தெரிந்தது, என் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடத் தெரியவில்லையா? கூப்பிட்டிருந்தால் வாசலில் இருந்த எனக்குக் கேட்டிருக்குமே. பண்டாரத்தின் பக்கம் திரும்பினேன். "எடுங்க" என்றேன். சட்டை தண்ணீரோடு போனது. என் தாலியும் அன்றே இறங்கியது.

முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை, திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன். இத்தனை வருஷத்தில் துணி வெளுத்துப்போனது, முடிச்சு இளகவே இல்லை. இப்போது எந்தச் சாமியிடமும் நான் பதில் கேட்பதில்லை. தெரியாது, அவ்வளவுதான், தெரியாமலே சோறு தின்று தூங்கப் பழகிவிட்டது. ஆடி மாதம் மட்டும் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கோயில் வரை போகிறேன். அவர் படி மிதித்தார் என்றால் கொடுத்தாக வேண்டும், மிதிக்கவில்லை என்றால் கொடுப்பது பொய். உண்டியல் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன்.

அம்மனுக்குப் பாக்கி இன்னமும் நூற்றியொரு ரூபாய்.