வரிசை எண்ணில் இனி யாரும் கைவைக்க முடியாது

இன்று காலை அம்மாவுக்குப் பல்வலி. மலாக்காவில், காஜா பேராங் வட்டாரத்தில் ஒரு பல் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தோம். அங்கே நோயாளிகளின் வரிசை எண்ணைக் காட்டும் மென்பொருள் எங்கள் குழு எழுதியது.

பதினெட்டுக்குப் பிறகு திரை நேராக இருபதுக்குத் தாவியது.

பத்தொன்பதாம் எண்காரர் வீங்கிய கன்னத்தோடு எழுந்தார். "என்னாமா இது, நான் இங்கதானே உக்காந்திருக்கேன்!"

"நான் ஒரு தடவதான் அமுக்கினேன், அங்கிள்," என்றாள் கவுண்டர் பெண், அழாத குறையாக.

அவரை முதலில் உள்ளே அனுப்பச் சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். எண் 'பப்ளிக்' ஆக இருந்தது. நிரலின் எந்தப் பகுதியும் அதை நேரடியாக மாற்றலாம். கவுண்டர் திரை ஒன்று கூட்ட, டாக்டர் அறைக்காக எங்கள் குழுவின் ரவி புதிதாக எழுதிய திரையும் ஒன்று கூட்டியிருக்கிறது.

எண்ணை 'பிரைவேட்' ஆக்கினேன். இனி 'அடுத்தவர்' என்ற ஒரே செயற்கூறு வழியாகத்தான் அது மாறும். முந்தையவர் உள்ளே போயிருந்தால் மட்டுமே கூட்டும்.

உடனே ரவி அழைத்தான். "அக்கா, என் கோடிங் பூரா சிவப்பா காட்டுதுலா! என்னா செஞ்சீங்க?"

"எண்ண பிரைவேட் ஆக்கிட்டேன். நீ தொட முடியாது."

"என் மேல நம்பிக்கை இல்லியா?"

"வெளியேருந்து நானும்தான் தொட முடியாது, தம்பி. 'அடுத்தவர்'னு கூப்பிடு, அதுவே கூட்டிக்கும்."

சற்று யோசித்தான். "உங்களுக்கும் பூட்டா? அப்ப சரி, போலே லா!"

அவன் தன் வரியை மாற்றினான், புதிய பதிப்பை ஏற்றினோம். அம்மாவின் முறை ஒழுங்காக வந்தது. வாயில் பஞ்சோடு வெளியே வந்த பத்தொன்பதாம் எண்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அடுத்து எங்கள் அலுவலக ஏர்கான் ரிமோட்டை பிரைவேட் ஆக்கலாமென்று இருக்கிறேன். குளிர்கிறவர்கள் கீழே கருத்துப் பெட்டியில் கை தூக்குங்கள்.