ஆயா நேர்ந்துவிட்ட தலைகள்

எங்கள் ஆயாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். வீட்டில் யாருக்காவது ஒன்று என்றால் உடனே நேர்ச்சை வைத்துவிடுவார். அதில் தப்பில்லை. ஆனால் வேண்டிக்கொள்வது அவர், மொட்டை அடித்துக்கொள்வது நாங்கள். அப்பாவுக்கு வேலை நிரந்தரமானதற்குச் சித்தப்பா வேளாங்கண்ணியில் முடி கொடுத்தார். அதுவும் அவருடைய கல்யாணத்துக்கு முந்தின மாதம். பெண் வீட்டார் என்ன நினைத்தார்களோ! நான் பத்தாவது தேறியதற்கு, தம்பி தவக்காலம் முழுக்கக் கறியைத் தொடக்கூடாது என்றாகிவிட்டது. என் மார்க்கை அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

"உன் வேண்டுதலுக்கு எங்க தலைதான் கிடைச்சுதா?" என்று ஒருநாள் கத்தினேன். விவேக் நகர் வீட்டுச் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

"எங்கிட்ட குடுக்க வேற என்னடி இருக்கு? நீங்கதான இருக்கீங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னது நிஜம். நல்ல புடவை வந்தால் அத்தைக்குப் போகும். குழம்பில் பெரிய மீன் துண்டு தம்பி தட்டுக்குப் போகும். தனக்கென்று அவர் எதையும் வைத்துக்கொண்டதில்லை.

என் மகள் குறைமாதத்தில் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கையளவு கிடந்தவளைப் பார்த்துவிட்டு, ஆயா ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கோயிலுக்கு, வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்குப் போனார். மகள் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். "என்ன ஆயா நேர்ந்துகிட்ட? சொல்லிடு, தயாரா இருக்கேன்" என்று என் பின்னலை எடுத்து நீட்டினேன். "அப்புறம் பாத்துக்கலாம் போ" என்று சிரித்தார். அந்த அப்புறம் வரவே இல்லை. மகள் நடக்க ஆரம்பித்த பிறகு, ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு மகள் ஒரு தும்மல் போட்டாலும் வீடே என் பின்னலைப் பார்த்தது. "போயி முடியக் குடுத்துட்டு வந்துடேன்" என்றார் அம்மா. "முடிதான்னு எப்படித் தெரியும் அண்ணி? வேற ஏதாவதுன்னா?" என்றார் அத்தை. முடி போனால் வளரும், எனக்கு அதில் கவலையில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் குழந்தையை வைத்திருக்கிறோமே என்ற பயம்தான் என்னைத் தின்றது.

ஒரு வியாழக்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஆயாவோடு வருஷக்கணக்காக ஒரே பெஞ்சில் உட்காரும் அம்மாள் வாசலில் நின்றிருந்தார். அவரிடம் கேட்டேவிட்டேன்.

"நேர்ச்சையா? பாக்கி ஒண்ணுமில்லம்மா, சும்மா பயப்படாத. அன்னிக்கு எம்பக்கத்துல முட்டி போட்டு, வாய்விட்டுதான் வேண்டிக்கிட்டாங்க. 'இந்தக் கொழந்தைய மட்டும் குடுத்துடு, இனிமே உன்ன எதுவுமே கேக்க மாட்டேன்'னு. அப்புறம் வருவாங்க, உக்காருவாங்க, போவாங்க. அவங்க முட்டி வலிக்குக்கூட கேக்கல."

அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் தம்பிக்கு விசா கிடைத்தபோது எங்களில் யார் தலைக்கும் ஆபத்து வரவில்லை. ஆயாவுக்கு வயதாகிவிட்டது என்று கேலி செய்தோம். எங்களுக்காகக் கேட்பது ஒன்றுதான் அவருக்கென்று இருந்தது. அதையும் கொடுத்திருக்கிறார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாரம் இறங்கிய அழுகை அது, சுகமாக இருந்தது. மகள் என் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மகள் தும்மினாள்.

"மாதாவே, இவளுக்கு இந்தச் சளி மட்டும் நிக்கட்டும்…" என்று ஆரம்பித்த அம்மா, மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார். அப்பா இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார்.