நீலம் மறைந்த தோம்பு

இருட்டிய பிறகு "டொம்" என்று சத்தம் கேட்டால் நீங்கள் பேய் என்பீர்கள். தோட்டத்து மருந்துக் கொட்டகையில் வேலை பார்க்கிற நான் காலித் தோம்பு என்பேன். பகல் வெயிலில் உப்பின பிளாஸ்டிக் தோம்பு, அதாவது மருந்து வருகிற பெரிய பீப்பாய், குளிரில் ஒடுங்கும்போது அப்படித்தான் கத்தும். இன்று அந்தச் சத்தம் என் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் கேட்டது.

காற்றடித்த மருந்து

களைக்கொல்லி தெளிக்கிற மாரியக்கா, தண்ணீரில் மருந்தை ஊற்றி மூடிவிட்டுக் கைப்பம்பை அடித்துக்கொண்டே இருப்பார். அழுத்தினால் கலந்துவிடுமாம். கலக்கவில்லை, அடியில் கெட்டியாக நின்ற மருந்து முதல் வரிசைச் செம்பனைக் கன்றுகளைக் கருக்கியது. கடைசி வரிசையில் புல் சிரித்தது. "அழுத்தினா மருந்து வேகமா பரவாதுக்கா. ரொம்ப அழுத்தினா இன்னும் மந்தமாத்தான் நகரும். குச்சிய விட்டுக் கிண்டுங்க" என்றேன்.

"கான்வென்ட்ல படிச்சிட்டா தண்ணிகூட உன் பேச்சைக் கேக்குமா?"

இரண்டு போத்தல்

நிரூபிக்க ஆசை வந்தது. பள்ளியில் சிஸ்டர் செய்து காட்டியதுதான். ஒரு போத்தலில் ஐஸ் தண்ணீர், இன்னொன்றில் சுடுதண்ணீர்; இரண்டிலும் நீல மருந்து ஒரு சொட்டு. குளிர்ந்ததில் சொட்டு நூல்போலத் தொங்கியது. சூட்டில் கண்ணெதிரே போத்தல் முழுக்க நீலம். சூடேறினால் துகள்கள் ஓட ஆரம்பித்துவிடும் என்று விளக்கினேன். கொட்டகையில் கூடியிருந்த எல்லாரும் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். வெயிலில் கறுத்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார் எங்களை மேய்க்கிற மண்டோர்.

"அப்ப நம்ம உடம்புலயும் இப்படித்தான் ஓடுமாலா?"

ஓட்டை போடாத தோம்பு

காலியான தோம்பைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும். யாரும் வீட்டுக்குத் தூக்கிப் போகக்கூடாது என்பதற்காக. ஆனால் லோரியில் ஏற்றுகிறவர்களுக்கு ஓட்டை போட மனசு வராது. குழாயில் தண்ணீர் நின்றுபோகிற வீட்டில் குடித்தனம் நடத்துகிற உங்களுக்கும் அது புரியும். ஏற்றுகிறவர் ஒருநாள் என்னிடமே சொன்னார்:

"இவ்ளோ நல்ல சாமான, குத்திக் கெடுக்கச் சொல்றியே, பாவமில்லையா?"

எங்கள் வீட்டில்

அந்த லோரியை ஓட்டுகிறவர் என் கணவர். தண்ணீர் வராத இந்த வாரம் எனக்குத் தெரியாமல் பின்பக்கம் தோம்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நான் வேலைக்குப் போன நேரத்தில் அதிலிருந்து மொண்டுதான் தவழுகிற மகளைக் குளிப்பாட்டியிருக்கிறார். இன்று சத்தம் கேட்டுப் போய் மூடியைத் திறந்தேன். அடியில் மிஞ்சிக் கிடந்த தண்ணீர் தெளிவு; ஆனால் கொட்டகை வாடை. பிளாஸ்டிக்குக்குள் ஊறிக் கிடந்த மருந்து, வெயிலில் சூடான தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது.

மகள் கழுத்தில் சிவந்திருக்கிறது. நேற்றுக் காட்டியபோது வேர்க்குரு என்றார் கிளினிக் டாக்டர். தோம்பைப் பற்றி அப்போது எனக்கே தெரியாது. காலையில் மறுபடி தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கடப்பாரையால் தோம்பின் அடியைக் குத்தினேன். சத்தத்துக்கு எழுந்து வந்தார் அவர்.

"நீலம் போற வரைக்கும் கழுவினேன் மேரி, அப்புறம் என்ன? நாளைக்கு வேற ஒண்ணு கொண்டாறேன், போதுமா?"

மருந்துக்குக் கதவு ஒரு தடையே இல்லை என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற நான், அக்கம்பக்கத்தார் காதில் விழுவதற்குள் அவரை உள்ளே இழுத்து, பின்கதவை உள்ளிருந்து தாழிட்டேன்.