உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம்

இந்த மாத ஆரம்பத்தில் ஒரு சனிக்கிழமை, கோட்டாறில் ஒரு கிளினிக். உள்ளே அப்பா, நான், டாக்டரம்மா. அம்மா இல்லை. வடசேரிச் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் வலது கால் பெருவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. நகச்சுத்தி என்று முடிவு செய்து, அம்மா எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டியும் பார்த்தாள். பலன்? தெருவில் எல்லோருக்கும் சிரிப்பு.

டாக்டரம்மா பார்த்ததுமே சொல்லிவிட்டார் — நகம் சதைக்குள் வளர்கிறது. இறுக்கமான ஷூ போட்டால் வருமாம். அப்பா செருப்பே போடுவதில்லை! ஆனால் பிளேடால் நகத்தின் ஓரத்தைத் தோண்டி, வளைத்து வெட்டுவார். வளரும் நகம் வழி தெரியாமல் சதையைக் குத்தியிருக்கிறது. நகத்தை நேராக வெட்ட வேண்டும், ரொம்ப ஒட்ட வெட்டக் கூடாது. சுகர் உள்ளவர்கள் தாங்களாகத் தோண்டவே கூடாது. இப்போதைக்கு தினம் இரண்டு வேளை உப்புத் தண்ணீரில் கால் வைக்கணும்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பேங்க், தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி... எங்கே போனாலும் கேட்டு எழுதிக்கொள்வது என் வேலை. எழுதிக்கொண்டேன்.

அப்பாவுக்கோ அது சாளை மீன் சீசன். வீட்டில் உட்கார்ந்தால், அவர் மீன்பிடிக்கப் போகும் செலஸ்டின் மாமாவின் போட்டில் வேறு ஆள் ஏறிவிடுவான். சீசன் முழுக்க இடம் போய்விடும்.

நான்காம் நாள் போட்டிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கினார். விரலில் சீழ். இந்தக் காலோடு ஏன் போனீர்கள் என்று கேட்டேன்.

"உப்புத் தண்ணில காலு வைக்கணும்னு அந்த டாக்டர் பிள்ளதான சொல்லிச்சு மக்கா? நான் எட்டு மணிக்கூறு வச்சேன்."

அவர் மேல் என்ன தப்பு? நாற்பது வருஷமாக அவருக்குத் தெரிந்த உப்புத் தண்ணீர் ஒன்றுதானே! வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீர், ஒரு ஸ்பூன் உப்பு, பத்து நிமிடம், பிறகு ஈரமில்லாமல் துடைப்பது — எல்லாம் தெளிவாக எழுதியிருந்தேன். தாள் என் சட்டைப்பையில் இருந்தது.

மறுபடி கிளினிக். டாக்டரம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மரத்துப்போக ஊசி, நகத்தில் ஒரு ஓரம் நீக்கம், கட்டு. இரண்டு வாரம் கடல் கூடாது என்றதும்தான் அப்பாவின் முகம் வாடியது.

அன்று சாயங்காலமே செலஸ்டின் மாமா வந்தார். கட்டைப் பார்த்தார். "ரெண்டு வாரம் எனக்க மவன் ஏறுவான். அது கழிஞ்சா ஒமக்க எடம் ஒமக்குத்தான், கேட்டீரா." அப்பாவுக்கு அதன்பிறகுதான் சோறு இறங்கியது.

டாக்டர் பீஸ் முதல் தடவை இருநூறு ரூபாய். எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டாமல் விட்டதற்கு, மேலும் இரண்டாயிரத்து நானூறு.